தன்னைத் தானே எடைபோட்ட பள்ளிக்கூடங்கள்

ஒரு பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்பதை யார் சொல்ல வேண்டும்? மேலிடத்திலிருந்து வரும் ஆய்வாளரா, அல்லது அதற்குள்ளேயே நாள்தோறும் இருக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோர்களுமா? கல்விக்கூடம் நடத்தும் நிர்வாகம் ஒவ்வொன்றும் என்றேனும் ஒருநாள் சந்தித்தே தீர வேண்டிய இந்தக் கேள்விக்கு நூற்று அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் பெரும்பகுதி இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நிகழ்ந்தது. அதன் ஒரு கிளை நம் சென்னை மாகாணத்திற்கும் வந்து சேர்ந்தது.

1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவர் கல்வித்துறைப் பொறுப்பில் இருந்தபோது, திருத்தப்பட்ட கல்வி விதித்தொகுப்பு ஒன்று நடைமுறைக்கு வந்தது. அரசின் மானியம் தேர்வு முடிவைப் பொறுத்தே வழங்கப்படும் என்பது அதன் சாரம். ஆண்டுக்கொரு முறை ஆய்வாளர் பள்ளிக்கு வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் சோதிப்பார். தேர்வுக்குரிய பிள்ளை ஒன்றுக்கு எட்டு ஷில்லிங். ஒரு பாடத்தில் தவறினால் அதில் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் பிடித்தம். மூன்றிலும் தவறிய பிள்ளையால் பள்ளிக்கு அந்த வகையில் ஒரு காசும் கிடையாது. கருவூலத்திற்கு இதனால் இலாபமே. 1861இல் சுமார் 8 லட்சம் பவுனாக இருந்த மானியம், சில ஆண்டுகளுக்குள் சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம் பவுனாகக் குறைந்தது.

பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது? ஆய்வாளர் எந்த வாசக நூலைத் தருவார் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆகவே அந்த நூல் முழுவதும் மனப்பாடம் செய்விக்கப்பட்டது. கவிஞராகப் புகழ்பெற்ற மேத்யூ ஆர்னால்டு 1851 முதல் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றியவர். வாசிக்கவே தெரியாத பிள்ளையையும் வாசிப்புத் தேர்வில் தேறச் செய்துவிட முடிகிறது என்று தம் அறிக்கைகளில் அவர் எச்சரித்தார். தலைமை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற எட்மண்ட் ஹோம்ஸ், 1911இல் எழுதிய நூலில் இதைவிடக் கடுமையாகப் பேசினார். 1890களில் அம்முறை முற்றாகக் கைவிடப்பட்ட பின்னரும், எந்திரம்போல் கற்பிக்கும் பழக்கம் ஆசிரியர்களை விட்டு அகலவில்லை என்பது அவரது வருத்தம்.

அந்த விதித்தொகுப்பில் பலரும் கவனியாத ஒரு விதி உண்டு. தலைமை ஆசிரியர் பள்ளி நாட்குறிப்பேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். அன்றாட நிகழ்வுகளை அதில் சுருக்கமாகப் பதிய வேண்டும். ஆனால் பொதுவான கருத்துகளையோ சிந்தனைகளையோ எழுதுதல் கூடாது. தன்னைப் பற்றி எண்ணிப் பார்த்து எழுதும் உரிமை பள்ளிக்கு எழுத்து மூலமாகவே மறுக்கப்பட்டது என்று இதைச் சொன்னால் மிகையாகாது. மழையால் வருகை குறைந்தது என்று எழுதலாம். நம் கற்பித்தலில் எங்கோ குறை இருக்கிறது என்று எழுதலாகாது!

தேர்வு முடிவுக்கேற்ப மானியம் வழங்கும் இம்முறை கடல் கடந்து இந்தியாவிற்கும் வந்தது. சென்னை மாகாணத்துத் தொடக்கப் பள்ளிகள் பலவும் அதன் பிடியில் இருந்தன. 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக்குழுவும் தொடக்கக் கல்விக்கு இதனைப் பரிந்துரைத்தது. கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானமே இதைக் கைவிடச் செய்தது. ஆய்வாளர் வரும் நாளில் சுவருக்கு வெள்ளையடிப்பதும், வகுப்பில் புதிய அட்டைப் படங்கள் தொங்குவதும், மெலிந்த மாணவன் பின் வரிசைக்குப் போவதும் நம் பள்ளிகளில் எங்கிருந்து வந்த வழக்கம் என்று யோசிப்பவர்களுக்கு இந்த வரலாறு ஓரளவு விடை தரும்.

தன்மதிப்பீடு என்னும் எண்ணம் பள்ளிகளுக்குள் நுழைய நெடுங்காலம் ஆயிற்று. 1977இல் லண்டன் மாநகரக் கல்வி ஆணையம், தலைமை ஆசிரியர்களும் ஆசிரியர்களும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்களைத் தொகுத்துப் பள்ளிகளுக்கு அளித்தது. ஆனால் தெளிவான பாதையை அமைத்தது ஸ்காட்லாந்து. அங்குள்ள கல்வி ஆய்வாளர் துறை 1996இல் "நம் பள்ளி எவ்வளவு நல்லது?" என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு கையேட்டை வெளியிட்டது. நாம் எந்நிலையில் இருக்கிறோம், அது நமக்கு எப்படித் தெரியும், இனி என்ன செய்யப் போகிறோம் ஆகிய மூன்று வினாக்கள் அதன் அடித்தளம். இவற்றுள் உயிரானது இரண்டாவது வினாவே என்பது என் கருத்து. "எங்கள் பள்ளியில் வாசிப்புத் திறன் நன்றாக உள்ளது" என்று எவரும் சொல்லிவிடலாம். எப்படித் தெரியும் என்று கேட்டவுடன்தான் மாணவர் ஏடுகளை எடுத்துப் பார்க்க வேண்டியதாகிறது. வகுப்பறையில் போய் உட்கார வேண்டியதாகிறது. பெற்றோரைக் கேட்க வேண்டியதாகிறது. 2000ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டம் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைச் சட்டப்படி உரியதாக்கியது. கையேடும் அவ்வப்போது திருத்தப்பெற்று, 2015இல் நான்காம் பதிப்பைக் கண்டது.

இதே காலத்தில் ஜான் மக்பீத் என்னும் ஸ்காட்லாந்துக் கல்வியாளர் வேறொரு கோணத்திலிருந்து இப்பணியை அணுகினார். இங்கிலாந்தின் தேசிய ஆசிரியர் சங்கம் கேட்டுக்கொண்டதற்கிணங்க, நல்ல பள்ளி எது என்பதை மாணவர், ஆசிரியர், பெற்றோர் ஆகியோரிடமே அவர் கேட்டறிந்தார். பின்னர் 1997-98இல் 18 ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 101 பள்ளிகள் கலந்துகொண்ட திட்டம் ஒன்று நடந்தது. அதிலும் அவர் முதன்மைப் பங்காற்றினார். அதன் செய்முறை எளிது. கற்றல் முன்னேற்றம், கற்றலுக்கான நேரம், கற்றலில் இடர்ப்படுவோருக்கான ஆதரவு, வீட்டுக்கும் பள்ளிக்குமான உறவு என 12 துறைகள் வரையறுக்கப்பட்டன. மாணவர் ஒரு குழு, ஆசிரியர் ஒரு குழு, பெற்றோர் ஒரு குழு எனத் தனித்தனியே அமர்ந்து, ஒவ்வொரு துறைக்கும் மதிப்பிட்டனர். முன்னேறுகிறதா பின்னடைகிறதா என்பதையும் குறித்தனர். பின்னர் எல்லாக் குழுக்களின் பிரதிநிதிகளும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, ஏன் நீ இப்படி மதிப்பிட்டாய் என்று ஒருவரையொருவர் கேட்டனர்.

பயன் விளைந்தது அந்த மேசையில்தான். ஆசிரியர் சிறப்பு என்றதை மாணவர் சுமார் என்கிறார் எனில், யார் சரி என்பது அங்கே முக்கியமல்ல. இருவரும் தத்தம் சான்றை எடுத்து வைக்க வேண்டும். பிறகு 12 துறைகளுள் ஒரு சிலவற்றை மட்டும் பள்ளி தேர்ந்தெடுத்து ஆழ்ந்து ஆராயும். வெளியிலிருந்து வரும் நண்பர் ஒருவர் தயங்காமல் குறை சொல்லி உடன் துணை நிற்பார். இந்த அனுபவத்தின் அடிப்படையில் 2001 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் அமைச்சர் மன்றமும் பள்ளித் தன்மதிப்பீட்டை ஊக்குவிக்குமாறு உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைத்தன.

இங்கிலாந்து தன்மதிப்பீட்டை ஏற்றுக்கொண்ட விதம் வேறு. அங்கே 1992இல் உருவான ஆஃப்ஸ்டெட் என்னும் ஆய்வு நிறுவனம், 2005இல் தன்மதிப்பீட்டுப் படிவம் ஒன்றைப் பள்ளிகள் நிரப்பித் தர வேண்டும் என்றது. ஆய்வாளர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டே வருவார்கள். அதில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் தீர்ப்புக்கு ஆதாரமாகும் என்ற நிலையில், தன் குறையைத் தானே எழுதித் தண்டனை பெற எந்தத் தலைமை ஆசிரியர் முன்வருவார்? படிவம் நீண்டது, நேரம் கரைந்தது, 2011இல் அது கைவிடப்பட்டது. ஆனால் ஒரு பள்ளியை ஒற்றைச் சொல்லில் தீர்ப்பிடும் வழக்கம் தொடர்ந்தது. 2023 ஜனவரியில், தம் பள்ளி மிகத் தாழ்ந்த நிலைக்குத் தள்ளப்படும் என்றறிந்த ஒரு தலைமை ஆசிரியை தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவ்வாய்வு அவரது மரணத்திற்குக் காரணங்களுள் ஒன்று என மரண விசாரணை அதிகாரி அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தார். 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கான ஒற்றைச் சொல் தீர்ப்பு நீக்கப்பட்டது. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று தொடங்கிய கதை வந்து நின்ற இடம் இது.

நம் நாட்டில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவையும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தையும் கொண்டுவந்தது. குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. 2015இல் தேசியக் கல்வித் திட்டமிடல் பல்கலைக்கழகம் உருவாக்கிய "ஷாலா சித்தி" என்னும் தன்மதிப்பீட்டுச் சட்டகம் வெளியிடப்பட்டது. அதில் 7 களங்கள், 46 தர அளவைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள். நிலையைக் குறித்தபின், அதை மேம்படுத்துவதற்குரிய முன்னுரிமை குறைவு, நடுத்தரம், உயர்வு என்பவற்றுள் எது என்றும் பள்ளி குறிக்க வேண்டும்.

பலரும் விரைந்து கடந்துவிடும் பகுதி இந்த முன்னுரிமைப் பகுதியே. 46க்கும் "உயர்வு" என்று குறித்துவிடுவது எளிது. எதையும் விட்டுவைக்கவில்லை என்ற நிறைவும் கிட்டும். ஆனால் கழிப்பறைக்குத் தண்ணீர், மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகள், எட்டாம் வகுப்புடன் நின்றுவிடும் மாணவியர் என மூன்றை மட்டும் இவ்வாண்டுக்கு எடுத்துக்கொள்வதென்றால், மற்ற நாற்பத்து மூன்றும் காத்திருக்கும் என்று நிர்வாகக் குழு பெற்றோர் முன்னிலையில் வாய்திறந்து சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லும் கூட்டத்திற்கு மாணவரையும் அழைப்பதா என்பதைப் படிவம் சொல்லாது. அந்தந்தப் பள்ளிதான் முடிவு செய்ய வேண்டும்.