வினைச்சொல் இல்லாத ஒரு வரி

மூலம்: 'கடற்கரை மற்றும் உள்நாட்டு மீன்வளங்கள்' (கனடா அரசியலமைப்புச் சட்டம், 1867, பிரிவு 91, உட்பிரிவு 12)

நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உரிய அதிகாரங்களை 91-ஆம் பிரிவு வரிசையாக அடுக்குகிறது. அதில் 12-ஆவது இது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் சால்மன் பண்ணைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு யாருடையது என்ற வழக்கு, வினைச்சொல்கூட இல்லாத இந்த வரியைப் பற்றித்தான் எழுந்தது.

கடற்கரை: சால்மன் பண்ணை என்பது கரையோரத்து அமைதியான நீரில் மிதக்கும் வலைக்கூண்டு. அதன் அடியில் உள்ள கடல்தரையைக் குத்தகைக்கு விடுவது மாகாண அரசு. ஆனால் வலைக்கண் வழியே தண்ணீர் போகும், வரும். கழிவும் நோய்க்கிருமியும் கூடவே போகும். தரைக்கு எல்லை போடலாம், நீருக்குப் போட முடியாது.

உள்நாட்டு: சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆற்றுக்கே வருகிறது. அதன் பயணம் 'கடற்கரை', 'உள்நாட்டு' என்ற இரண்டு சொற்களையும் தொட்டுச் செல்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் ஆபத்து. வசந்தத்தில் கடலுக்கு இறங்கும் 'இளஞ்சிவப்பு சால்மன்' இனத்துக் குஞ்சு விரல் நீளம்கூட இராது, செதிலும் முளைத்திருக்காது. அதன் மேல் கடல் பேன் என்ற ஒட்டுண்ணி ஓரிரண்டு ஒட்டினாலே உயிருக்கு ஆபத்து. இயற்கையில் அந்தப் பருவத்தில் பேன் சுமக்கும் பெரிய சால்மன்கள் கரையோரம் அதிகம் இருப்பதில்லை. கூண்டுகளிலோ குளிர்காலம் முழுக்க லட்சக்கணக்கில் இருக்கின்றன. அம்மாகாணத்தின் பிராட்டன் தீவுக்கூட்டத்தில் உயிரியலாளர் அலெக்சாண்ட்ரா மார்ட்டன் கண்டு சொன்னது இதைத்தான்.

மீன்வளங்கள்: கூண்டில் வளர்வது மீன்வளமா, பண்ணைப் பயிரா? 1988-இல் மத்திய அரசும் மாகாணமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்பின் பண்ணைகளுக்கு உரிமம் தந்து ஒழுங்குபடுத்தியது மாகாணம்தான். மார்ட்டனும் மற்றவர்களும் நீதிமன்றம் போனார்கள். 2009 பிப்ரவரியில் நீதிபதி கிறிஸ்டோபர் ஹிங்க்சன், கடலில் நடக்கும் மீன் வளர்ப்பும் மீன்வளமே, அது மத்திய அரசின் அதிகாரம் என்று தீர்ப்பளித்தார். 2010 டிசம்பரில் மத்திய அரசின் விதிகள் நடைமுறைக்கு வந்தன. அரசியலமைப்பு ஒருவர் தோளில் வைத்த சுமையை ஒப்பந்தம் எழுதி இன்னொருவர் தோளுக்கு மாற்ற முடியாது என்பதே இதனால் பெறப்படுவது.

எஞ்சி நிற்பது: பெயர்ச்சொற்கள் மட்டும் உள்ள வரிக்கு வினையை நாம்தான் வருவித்து உரைக்க வேண்டும். மீன்வளத்தை அரசு என்ன செய்ய வேண்டும்? காக்க வேண்டுமா, விற்க வேண்டுமா? 2009-இல் அதே மாகாணத்தின் ஃபிரேசர் ஆற்றுக்குச் சாக்கை என்ற இனத்துச் சால்மன் ஒரு கோடி வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது சுமார் 15 லட்சம். காரணம் தேடிய நீதிபதி புரூஸ் கோஹன், 2012 அறிக்கையில் பண்ணைகளை மட்டும் குற்றவாளி ஆக்கவில்லை. ஆனால் சால்மன் பண்ணைத் தொழிலை வளர்த்துவிடும் வேலையை மீன்வளத் துறையின் பொறுப்பிலிருந்து நீக்கச் சொன்னார். கூண்டின் பேனை எண்ண வேண்டிய கையே அந்த மீனுக்குச் சந்தையும் தேடினால், எண்ணிக்கையை யார் நம்புவார்கள்?

திறந்த வலைக்கூண்டுகளுக்கு 2029 ஜூன் 30 வரைதான் காலம் என்று 2024-இல் மத்திய அரசு அறிவித்தது. அந்த நாள் வரைக்கும், அதற்குப் பிறகும், இந்த வரிக்குப் பொருந்தும் வினை ஒன்றுதான்: காத்தல்.