சந்தையும் சிறையும்: ஊவாத் தோட்டங்களில் துரைமார் பத்திரிகைகள்

தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் பற்றிப் பேச்செழும் ஒவ்வொரு முறையும் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளின் வணிகப் பக்கங்களில் பழக்கமான ஒரு வாதம் வந்துவிடும். சம்பளத்தைச் சந்தை தீர்மானிக்கட்டும், அரசாங்கம் கை வைக்கக்கூடாது, எடுத்த கொழுந்தின் நிறைக்கு ஏற்றபடி கூலி கிடைத்தால் போதும் என்பதே அது. 2021 மார்ச்சில் சம்பளச் சபை வழியாக 1,000 ரூபாய் வர்த்தமானியில் வெளியானபோது தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024இல் 1,700 ரூபாய் அறிவிக்கப்பட்டபோதும் அதுவே நடந்தது. இரண்டு தடவையும் பத்தி எழுதுவோரில் ஒரு சாரார் கம்பனிகளின் பக்கம் நின்றார்கள்.

இந்த வாதம் புதியதல்ல. மலையில் கோப்பிச் செடி நட்ட காலத்திலேயே வேர்விட்டது. ஊவாவின் பதுளை, அப்புத்தளை, மடுல்சீமைத் தோட்டங்களின் வரலாற்றோடு வைத்துப் படித்தால், இதை எழுதியவர்கள் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பது தெரியவரும்.

கொழும்பு வணிகர்கள் 1834இல் தொடங்கிய பத்திரிகை ‘ஒப்சேர்வர்’. அடுத்த ஆண்டே அதன் ஆசிரியரான டொக்டர் கிறிஸ்டோபர் எலியட் ஆட்சியாளரை அஞ்சாமல் எதிர்த்தவர். 1848இல் புதிய வரிகளுக்கு எதிராகச் சிங்கள மக்களிடையே எழுந்த கொந்தளிப்பில் அந்தப் பத்திரிகையின் எழுத்துக்கும் பங்குண்டு. 1859இல் ஸ்கொட்லாந்துக்காரரான ஏ. எம். பெர்குசன் அதை வாங்கினார். 1861இல் அவருடைய உடன்பிறப்பின் மகன் ஜோன் பெர்குசன் வந்து சேர்ந்தார். அதற்கு முன்பே, 1846இல், ‘டைம்ஸ்’ பத்திரிகை தொடங்கியிருந்தது. 1854இல் கண்டியில் தோட்டத்துரைமார் சங்கம் உருவாகியிருந்தது. அதன் பிறகு இந்தப் பத்திரிகைகளும் சங்கமும் பெரும்பாலும் ஒரே குரலில் பேசின.

பெர்குசன்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. எந்தத் தோட்டம் எத்தனை ஏக்கர், உரிமையாளர் யார், அதை நடத்திய துரை யார் என்று தோட்டம் தோட்டமாக அவர்கள் தொகுத்த விவரக்கொத்து இல்லாமல் இன்றும் மலையக வரலாற்றை எழுத முடியாது. 1881இல் அவர்கள் தொடங்கிய ‘டிரொபிக்கல் அக்ரிகல்சரிஸ்ட்’ மாத இதழ் வெப்பமண்டலப் பயிர்ச்செய்கை முழுவதற்கும் வழிகாட்டியாக இருந்தது. புதிதாக வந்த சின்னத்துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க அதே அச்சகம் ஒரு கையேடும் போட்டது. ‘இங்கே வா’ என்பது அதன் பெயர்.

தொழிலாளியின் துன்பம் ஒப்சேர்வருக்குத் தெரியாததும் அல்ல. 1840களில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்களில் சுமார் 70,000 பேர், அதாவது நாலில் ஒருவர், மாண்டிருப்பார்கள் என்று 1849இல் கணக்கிட்டு அச்சிட்டதே அதுதான். பாராட்டப்பட வேண்டிய பத்திரிகைப் பணி அது. ஆனால், அந்த ஆட்களை அப்படி வரவழைத்த முறையே பிழை என்ற முடிவுக்கு அந்தக் கணக்கு அந்தப் பத்திரிகையைக் கொண்டுபோகவில்லை.

தோட்டங்களின் அடித்தளத்தை எது இட்டது? 1840இன் முடிக்குரிய நிலச் சட்டம், எழுத்துப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமை என்று கொண்டு விற்பனைக்கு விட்டது. பிரித்தானியருக்கு எதிரான 1818இன் கிளர்ச்சிக்குப் பின் நெருப்பாலும் பஞ்சத்தாலும் சிதைந்த ஊவாவின் கிராமத்தானிடம் பத்திரம் ஏது? கோப்பியின் தொடக்ககால ஏற்றத்துக்குப் பிரித்தானியா தன் குடியேற்ற நாடுகளின் கோப்பிக்குத் தந்த வரிச் சலுகை கைகொடுத்தது. நிலம் சட்டத்தாலும் விலை சலுகையாலும் கிடைத்தன. அடுத்துத் தேவைப்பட்டது ஆள்.

ஆளைப் பிடித்துவைக்க 1865இன் 11ஆம் இலக்கத் தொழில் சட்டம் வந்தது. அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போகும் தொழிலாளியைச் சிறையில் அடைக்க அது இடம் கொடுத்தது. ஒப்பந்தத்தை மீறிய வணிகர் மீது வழக்குத்தான் போடலாம்; தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியோ குற்றவாளி. சுதந்திர வணிகத்தின் பெருமையைப் பேசிய அதே துரைமார் சமூகம் 56 ஆண்டுகள் இந்தச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்தது.

சிறையைவிட நுட்பமாக வேலை செய்தது துண்டு முறை. ஊரிலிருந்து ஆள் திரட்டக் கங்காணிக்குத் துரை முன்பணம் கொடுப்பார். வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி என எல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்கு நாளாந்தம் ‘பென்ஸ் காசு’ தனி. கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், ‘இவ்வளவு கடனைக் கட்டினால் இவர்களை விடுகிறேன்’ என்று பழைய துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். புதிய துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார்.

பொருளியல் பாடப்புத்தகப்படி, ஆட்களுக்குத் தட்டுப்பாடு வந்தால் கூலி ஏற வேண்டும். மலையில் தட்டுப்பாடு இருந்தது. துரைமார் ஒருவரோடொருவர் போட்டியும் போட்டார்கள். ஆனால் அந்தப் போட்டியில் ஏறியது கங்காணிக்குக் கொடுத்த முன்பணம். அது தொழிலாளியின் தலையில் கடனாக விழுந்தது. நாட்கூலி பல பத்தாண்டுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. எவனுடைய உழைப்புக்காகப் போட்டி நடந்ததோ, அவனே அந்தப் போட்டியின் செலவையும் கட்டினான். இதற்கு மேல் ஒரு சந்தையைக் கோணலாக்க முடியாது. அந்தப் போட்டியும் மிஞ்சிப்போகிறது என்று கண்டபோது, துரைமார் சங்கம் 1904இல் திருச்சிராப்பள்ளியில் தொழிலாளர் ஆணையகம் ஒன்றை நிறுவி, ஆள் திரட்டலை ஒரு குடைக்குள் கொண்டுவந்தது.

1869இல் கோப்பியிலை நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது ஊவாவின் மடுல்சீமையில்தான். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி கவிழ்ந்தது. முறிந்த தோட்டங்கள் மலிவு விலையில் கைமாறின. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையில் தம்பேத்தன்னையை வாங்கியதும் இந்தக் காலத்தில்தான். லிப்டனின் துணிச்சலைப் புகழும் எழுத்து இன்றும் குறையவில்லை. கோப்பி விழுந்தபோது கூலி கிடைக்காமல் போனவர்களைப் பற்றி அந்த அளவுக்கு எழுதப்படவில்லை.

1886இல் ஊவா தனி மாகாணமானது. நானுஓயாவில் நின்ற ரயில்பாதையை ஊவாவுக்கு நீட்டவேண்டும் என்று துரைமாரும் ஒப்சேர்வரும் விடாமல் வாதாடினார்கள். பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. மலையைக் குடைந்து போட்ட அந்தப் பாதையைக் கட்டியது அரசாங்கம். பாதை வந்தது நல்லதுதான். அதில் பயணம் செய்த ஏழைகளும் பயன் பெற்றார்கள். ஆனால் பொதுப்பணத்தில் பாதை கேட்டபோது அரசின் கை வரவேற்கப்பட்டது. அதே கை கூலிக்கு ஒரு கீழெல்லை வைக்க நீண்டபோதுதான் சந்தையின் சுதந்திரம் நினைவுக்கு வந்தது.

எதிர்க்குரல் தாமதமாகவே எழுந்தது. 1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம், பெரி சுந்தரத்தைச் செயலாளராகக் கொண்டு இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் சட்டப் பிரிவுகளை எதிர்த்து அவர் ஓயாமல் வாதிட்டார். இந்தியாவிலிருந்தும் அழுத்தம் வந்தது. 1921இல் அந்தத் தண்டனைப் பிரிவுகளும் துண்டு முறையும் நீக்கப்பட்டன.

அதே காலத்தில் தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் துரைமார் பத்திரிகைகளுக்குப் பத்திரிகையாலேயே பதில் சொன்னார். ‘தேசநேசன்’, பிறகு ‘தேசபக்தன்’, ஆங்கிலத்தில் ‘சிட்டிசன்’ என்று எழுதித் தள்ளினார். வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாக வேடமிட்டுப் போய், தொழிலாளரின் வரிசைவீடுகளான லயங்களின் நிலையைக் கண்டு வந்தார். கங்காணிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. கொழும்பில் உட்கார்ந்து கூலியின் விதிகளை வகுத்த ஆசிரியர்கள், காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று பார்க்காததை அவர் பார்த்து எழுதினார். அவருடைய எழுத்தின் பலம் அங்கிருந்து வந்தது.

1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. 1929இல் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று வகுக்கப்பட்டது. 1930களின் முற்பகுதியில் தேயிலை விலை விழுந்ததும் அந்தக் கீழெல்லையே கீழே இறக்கப்பட்டது. மலையில் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்கூலி கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1940 மேயில் பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்தில் நடந்தது இந்த வரலாற்றின் தலைநிமிர்ந்த ஒரு பக்கம். அவ்வாண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியாகியிருந்தான். வேலைநிறுத்தங்கள் மலையெங்கும் பரவிக்கொண்டிருந்தன. சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கத்தோடு நின்ற வெவெஸ்ஸ தொழிலாளர்கள் தமக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைக் கலந்துகொண்டு நிர்வாகம் செய்யத் துரை இணங்க வேண்டி வந்தது. அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களையும் அவர்கள் பறித்தார்கள். பிறகு அடக்குமுறை கடுமையாக வந்தது. ஆனாலும் துரையும் தொழிலாளியும் சமதரப்பாக உட்கார்ந்து பேசிய ஒரு பேரம் அங்கே, சில நாட்களேனும், நடந்தது.

1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களின் வாக்கைப் பறிக்க வழிசெய்தது. பேரம் பேசும் பலமும் அதோடு ஒடுங்கியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. 53 ஆண்டுக் குத்தகைகள் எழுதப்பட்டன. நிலம் இன்றும் அரசினுடையதுதான்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தையின் மீரியபெத்தையில் மண்மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. வேறு இடத்தில் வீடு கட்டிக்கொள்ளத் தொழிலாளிக்குச் சொந்த நிலம் இல்லை. ஒரு கிலோ கொழுந்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் போடும் பத்திகளில் இந்த விலைக்கு இடமில்லை.

இப்போது நாட்சம்பளத்துக்கு மாற்றாகப் பேசப்படுவது, தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கம்பனி நிறுத்து வாங்கும் முறை. பராமரிப்பும் மழைவெயிலின் நட்டமும் குடும்பத்தின் பொறுப்புக்கு வரும். நிலத்தின் உறுதிப்பத்திரம் குடும்பத்தின் பெயருக்கு வருமா, ஊழியர் சேமலாப நிதி தொடருமா என்று தொழிற்சங்கங்கள் கேட்கின்றன. சந்தைக்காக வாதாடுவோர் முதலில் பதில் சொல்லவேண்டியது இந்த இரண்டு கேள்விக்கும்தான்.