இரண்டெழுத்தில் விழுப்புரம்

சென்னை எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் இரயில்களின் நிலையக் குறியீடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஆங்கில எழுத்துகளில் திண்டிவனம் 'டி.எம்.வி.', விழுப்புரம் 'வி.எம்.'. திண்டிவனம் என்ற பெயரில் 'வ' முன்னும் 'ம்' பின்னும் வருகின்றன. குறியீட்டிலோ அம்முறை மாறியிருக்கிறது. ஆயினும் இரயில்வே ஊழியர் எவரும் குழம்புவதில்லை. காரணம் என்ன?

விடை தந்தியின் வரலாற்றில் உள்ளது. 1839-இல் வில்லியம் ஓஷாக்னசி கல்கத்தாவில் தந்திச் சோதனைகளை நடத்தினார். 1855-இல் இந்தியாவில் தந்தி பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. இரயில் நிலையங்களும் தந்தி வழியே பேசிக்கொண்டன. மோர்ஸ் முறையில் புள்ளிக்கு ஓர் அலகு நேரம், கோட்டுக்கு மூன்று அலகு. ஓர் எழுத்துக்குள் வரும் குறிகளுக்கிடையே ஓர் அலகும், எழுத்துகளுக்கிடையே மூன்று அலகும் இடைவெளி விட வேண்டும். இரண்டு 'எல்' இட்டு, ஆங்கிலத்தில் பத்தெழுத்தாக விழுப்புரத்தை அனுப்பினால் 101 அலகு நேரம் பிடிக்கும். 'வி.எம்.' என்றாலோ 19 அலகே! நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

பொதுமக்களுக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆகவே வணிக நிறுவனங்கள் நீண்ட முகவரிக்குப் பதிலாக ஒரே சொல்லைத் 'தந்தி விலாசம்' எனப் பதிவு செய்துகொண்டன. வாழ்த்துத் தந்திக்கு எண் ஒன்றைக் குறிப்பிட்டால் போதும். முழு வாசகமும் உரியவரிடம் சேரும். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் ஒரே பட்டியல் இருந்தது. இரயில் பாதுகாப்பில் அதுவும் போதாது. அடுத்தடுத்த நிலைய அதிகாரிகள் செய்தியை உறுதிப்படுத்த, 'பிரைவேட் நம்பர்' எனும் எண்களைப் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. தவறாகப் புரிந்துகொண்டால் உயிர்கள் போகுமன்றோ!

1992 டிசம்பர் 3-ஆம் நாள் முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 1,120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் வீதம் 160 எழுத்துகள் அடங்கும்; 16 பிட் தேவைப்படும் தமிழுக்கு 70 குறிகளே. இடம் குறுகவே சொற்களும் குறுகின. 2013 ஜூலையில் நம் நாட்டுத் தந்திச் சேவை நிறைவுற்றது. ஆனால் குறுக்கும் பழக்கம் கைபேசியில் தொடர்கிறது, பட்டியல்தான் காணாமற்போயிற்று.

'ஓ.டி.' என்று ஒரு செய்தி வருகிறது என்று கொள்வோம். மருத்துவமனை ஊழியருக்கு அது அறுவைக் கூடம்; ஆலைத் தொழிலாளிக்கு மிகைநேர வேலை; கல்லூரி மாணவருக்கோ, பணிநிமித்தம் வகுப்புக்கு வராதிருக்கும் அனுமதி. ஒரே துறையினருக்குள் இதனால் இடர் இல்லை. துறை மாறும்போதுதான் சிக்கல். வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவர் நண்பருக்கு எழுதும் குறுக்கங்களையே மேலாளருக்கும் எழுதினால், படிப்பவர் பொருளை ஊகிக்க வேண்டியிருக்கிறது. எழுதியவர் மிச்சப்படுத்திய நொடிகளைப் படிப்பவர் செலவிடுகிறார்.

குறுக்கம் சோம்பலன்று, அது ஓர் ஒப்பந்தம். எனவே அலுவல் செய்தி எழுதும்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: 'என்னிடமுள்ள பட்டியல் அவரிடமும் இருக்கிறதா?' ஐயம் எழுந்தால் சொல்லை முழுமையாக எழுதுங்கள். இன்று சொல்லுக்குக் கட்டணம் இல்லையே!