கூரைத் தட்டு சொல்லும் கதை

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் தேயிலைச் செடிகளைப் பார்க்கிறார்கள், ஸ்ட்ராபெர்ரி வாங்குகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மலையின் வடகோடியில் உள்ள கம்போங் ராஜாவையும் அதை ஒட்டிய தோட்டப் பகுதிகளையும் கடக்கும்போது கூரைகளை அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால் ஒன்று தெரியும். வீடு கிழக்கு பார்த்திருந்தாலும் மேற்கு பார்த்திருந்தாலும், கூரையில் இருக்கும் தட்டுகள் எல்லாம் ஒரே பக்கம்தான் பார்க்கின்றன. அந்தத் தட்டுகள் அங்கே வந்து சேர்ந்த கதை, மலைநாட்டுத் தமிழனுக்குத் தன் மொழி வீட்டுக்குள் வந்து சேர்ந்த கதையும்கூட.

மலை போட்ட தடை

கேமரன் மலையில் 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்ததும், செடி நட்டதும், கொழுந்து பறித்ததும் பெரும்பாலும் தமிழர் கைகள். மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28ஆம் தேதி. இரண்டாவது அலைவரிசை 1969 நவம்பரில் வந்தது. முதல் தனியார் நிலையமான டிவி3 1984இல் வந்தது.

நாட்டுக்கு வந்தது, தோட்டத்துக்கு வந்ததா? அதுதான் கேள்வி. கோபுரத்திலிருந்து புறப்படும் தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும். நடுவில் ஒரு மலை நின்றால் அதன் பின்னால் இருக்கும் பள்ளத்துக்கு அலை சரியாக இறங்காது. வேறொரு மலையில் மோதித் திரும்பி வந்தால், ஒரே முகம் திரையில் இரண்டாகத் தெரியும். ஒருவர் மூங்கில் கம்பத்தில் ஏரியலைத் திருப்புவதும், இன்னொருவர் வீட்டுக்குள்ளிருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்துவதும் தோட்ட மக்கள் மறக்காத காட்சி.

அப்படிப் பிடித்த அலையிலும் தமிழுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். ஆர்.டி.எம். தந்த தமிழ்ச் செய்தி, சில நிகழ்ச்சிகள், தமிழ்ப்படம். அந்த நேரத்துக்காக வீடு காத்திருந்தது. 1980ஆம் ஆண்டுகளில் வீடியோ கேசட் வந்த பிறகு வாடகைக்குப் படம் எடுத்துப் பார்க்க முடிந்தது. ஆனால் கேசட்டில் அன்றைய செய்தி வராது அல்லவா?

பூட்டியிருந்த வானம்

செயற்கைக்கோள் மலேசியாவுக்குப் புதியதல்ல. கம்போங் ராஜா இருக்கும் அதே பகாங் மாநிலத்தில், குவாந்தான் அருகே, 1970இலேயே செயற்கைக்கோள் தரை நிலையம் இயங்கத் தொடங்கிவிட்டது. உலகத்துத் தொலைபேசி அழைப்பும் தொலைக்காட்சிப் படமும் அதன் வழியே நாட்டுக்குள் வந்தன. ஆனால் பொதுமக்கள் தங்கள் வீட்டில் தட்டு வைத்துக்கொள்ள அனுமதி இல்லை.

இதற்கிடையே ஆசிய வானம் நிரம்பத் தொடங்கியது. 1991இல் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டிவி வந்தது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் டிவி தொடங்கியது. தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு கேபிள்காரர்கள் பெரிய தட்டு ஒன்றை மாடியில் வைத்து, கம்பி இழுத்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். அந்த வசதி மலேசியத் தோட்ட லயங்களுக்கு எட்டவில்லை.

பூட்டு திறந்தது 1996இல். அந்த ஆண்டு ஜனவரியில் மியாசாட்-1 செயற்கைக்கோள் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஏவப்பட்டது. அதே ஆண்டில் அஸ்ட்ரோ தன் சேவையைத் தொடங்கியது. சுமார் 60 சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு தட்டுக்கு அனுமதி கிடைத்தது. தமிழுக்கென்று வானவில் அலைவரிசை வந்தது. குவாந்தானில் நிலையம் இயங்கத் தொடங்கியதிலிருந்து பகாங் மலைவீட்டுக் கூரையில் தட்டு ஏற 26 ஆண்டுகள் ஆயின.

மலை ஏன் தோற்றது?

மியாசாட் நிலைகொண்ட இடம் நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகை, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரம். கம்போங் ராஜாவிலிருந்து கணக்கிட்டால் அது மேற்குத் தென்மேற்கில், அடிவானத்திலிருந்து சுமார் 77 பாகை உயரத்தில் இருக்கிறது. அதாவது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். தட்டு பார்வைக்கு இன்னும் சாய்ந்திருப்பதுபோலத் தோன்றும். அலையைப் பக்கவாட்டில் குவிக்கும் அதன் அமைப்பு அப்படி. அலை வருவது என்னவோ மேலிருந்துதான்.

பக்கத்தில் வரும் அலையை மலை மறைக்கும். உச்சியிலிருந்து இறங்கும் அலையை எந்த மலை மறைக்கும்? கோலாலம்பூர் மாளிகைக்குக் கிடைத்த அதே தெளிவு பள்ளத்து லயத்துக்கும் கிடைத்தது. நகரமும் தோட்டமும் சமமாக நின்ற இடங்கள் அதிகமில்லை. இது அவற்றுள் ஒன்று.

ஒரு குறை இருந்தது: மழை. இந்தச் சிறு தட்டுகள் பிடிக்கும் கே.யு. அலையைக் கனமழை உறிஞ்சிவிடும். கேமரன் மலையிலோ மழைக்குப் பஞ்சமில்லை. தொடரின் உச்சக் கட்டத்தில் மழை கொட்டிப் படம் நின்றுபோகாத வீடு உண்டா?

மாறியது தட்டா, பெட்டியா?

புதிய அலைவரிசைகள் வரும்போதெல்லாம் "தட்டை மாற்ற வேண்டுமா?" என்ற கேள்வி எழுந்தது. பெரும்பாலும் தேவைப்படவில்லை. 2006 டிசம்பரில் மியாசாட்-3, 2009 ஜூனில் மியாசாட்-3ஏ, 2014 செப்டம்பரில் மியாசாட்-3பி ஆகியவை ஏவப்பட்டன. மூன்றும் அதே 91.5 பாகையில் நிறுத்தப்பட்டதால் கூரைத் தட்டைத் திருப்பும் வேலை இல்லை. 2021 ஜூனில் மியாசாட்-3 பழுதானபோதும் ஒளிபரப்பு அதே இடத்திலிருந்த மற்றச் செயற்கைக்கோள்களுக்கு மாற்றப்பட்டது. 2022 ஜூனில் மியாசாட்-3டி சென்றது.

மாற வேண்டியிருந்தது வீட்டுக்குள் இருந்த டிகோடர் பெட்டி. 1996இன் பெட்டிக்கு எம்பெக்-2 என்ற முறை மட்டுமே தெரியும். பின்னால் வந்த எம்பெக்-4, அதே தரமுள்ள படத்தை ஏறக்குறையப் பாதி இடத்தில் அடக்கியது. ஒரு பாதையில் அதிக அலைவரிசைகளை அனுப்ப முடிந்தது. ஆனால் பழைய பெட்டிக்கு அந்த மொழி புரியாது. 2009 டிசம்பரில் அஸ்ட்ரோ பியோண்ட் என்ற பெயரில் எச்.டி. சேவை வந்தபோது புதிய பெட்டி தேவைப்பட்டது. 2013இல் விண்மீன் எச்.டி. தமிழில் வந்தது. ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யும் பெட்டி வைத்தவர்களுக்கு, தட்டின் கையில் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. கருவியையும் இரட்டை வாய் உள்ளதாக மாற்றி, இரண்டாவது கேபிளும் இழுக்க வேண்டியிருந்தது.

மலைவீடுகளில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பனியும் ஈரமும் கேபிள் இணைப்புக்குள் புகுந்தால் உள்கம்பி துருப்பிடித்து அலை பலவீனமாகும். பெட்டி கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் முதலில் இணைப்பைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

யார் கொடுத்த விலை?

அரசாங்கக் கோபுரம் ஒன்று பள்ளத்துக்கு அலை அனுப்பினால் அந்தச் செலவு நாட்டினுடையது. தட்டு வந்த பிறகு செலவு குடும்பத்தினுடையதாகிவிட்டது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். மாதக் கட்டணம் மட்டும் கொழுந்து பறித்த கூலியிலிருந்து போயிற்று. நகரத்துச் சம்பளக்காரருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் வானம் சமம்தான்; பில்லும் சமமாகவே வந்தது.

இதை ஓரளவு உணர்ந்துதான் 2012 பிப்ரவரியில் அரசின் கூட்டுறவோடு மாதக் கட்டணம் இல்லாத என்ஜோய் சேவை தொடங்கப்பட்டது. ஒருமுறை கருவி வாங்கினால் போதும். வானவில்லும் அதில் இடம்பெற்றது. 2019இல் பழைய அனலாக் ஒளிபரப்பு நாடு முழுவதும் நிறுத்தப்பட்டு, கோபுர ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறியது. உதவித்தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இலவசப் பெட்டியும் வழங்கப்பட்டது. ஆனால் டிஜிட்டல் ஆனாலும் கோபுர அலை கோபுர அலைதான். மலை மீண்டும் குறுக்கே நிற்கும். அதனால்தான் பள்ளத்து வீடுகளுக்குக் கூரைத் தட்டு இன்னும் தேவைப்படுகிறது.

கடைசியாக ஒரு செய்தி. 2010 ஜூலையில் இந்தியாவின் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டது. அதை நம்பியிருந்த சென்னையின் சன் டைரக்ட் நிறுவனம் மியாசாட்-3க்கு மாறியது. தமிழ்நாட்டில் தட்டுகள் 91.5 பாகையை நோக்கித் திரும்பின. சென்னை வீட்டுத் தட்டு தென்கிழக்கே பார்த்தது. கம்போங் ராஜா வீட்டுத் தட்டு தென்மேற்கே பார்த்தது. இரண்டும் பார்த்தது வானத்தின் ஒரே புள்ளியை.

தாத்தா பாட்டி கப்பலேறி வந்த கரைக்கும் பேரப்பிள்ளைகள் வாழும் மலைக்கும் நடுவே அப்படி ஓர் இடம் அமைந்தது. அதில் வரும் தமிழைக் கேட்க, தோட்டத்தில் தனியாக இருக்கும் மூதாட்டி மாதாமாதம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை, அடுத்த புதிய பெட்டியை விற்க வருகிறவர்களும் அதற்கு அனுமதி தருகிறவர்களும் முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.