டைப் 1 சுகரும் இதயமும்: ஒரு பதிலுக்கு 22 வருடம் ஆன கதை

"சார், பையனுக்கு 12 வயசுதான் ஆகுது. ஹார்ட் அட்டாக் எல்லாம் 50 வயசுக்கு மேல வர்றதுதானே? அதுக்கு இப்பவே இவ்வளவு கண்டிப்பா இருக்கணுமா?"

ஓபியில் டைப் 1 பையனோட அம்மா கேட்ட கேள்வி. நியாயமான கேள்விதான். இதுக்கு நான் தைரியமா "ஆமாம்மா" என்று சொல்ல முடியுதுன்னா, அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய ஆய்வு இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

1922 ஜனவரி. கனடாவின் டொரன்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்ஸனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதுவரை டைப் 1 வந்த குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரு வருடங்களில் இறந்துவிடுவார்கள். இன்சுலின் வந்ததும் பிழைத்தார்கள், வளர்ந்தார்கள்.

ஆனால் 15, 20 வருடம் கழித்து அவர்களுக்கே கண், கிட்னி, நரம்பு, இதயம் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்க ஆரம்பித்தது.

"சுகரைக் கட்டுக்குள் வைத்தால் இதைத் தடுக்கலாம்" என்றார் பாஸ்டனின் எலியட் ஜோஸ்லின். "இல்லை, இது நோயோடு கூடவே வருவது, தடுக்க முடியாது" என்றது இன்னொரு தரப்பு. இந்தச் சண்டை அரை நூற்றாண்டு ஓடியது.

ஏன் தீரவில்லை? அளக்கக் கருவி இல்லை. யூரின் டெஸ்ட் மட்டும்தான். 1970களில்தான் மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்ட்டும், விரல் நுனியில் குத்திப் பார்க்கும் மெஷினும் புழக்கத்துக்கு வந்தன.

1983ல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் பணம் போட்டு டிசிசிடி என்ற ஆய்வைத் தொடங்கியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 29 மையங்கள். 13 முதல் 39 வயது வரை 1441 டைப் 1 நோயாளிகள்.

ஒரு பாதிப் பேருக்கு அன்றைய வழக்கப்படி தினம் ஒன்று அல்லது இரண்டு ஊசி. இன்னொரு பாதிக்கு மூன்றோ அதற்கு மேலோ ஊசி அல்லது இன்சுலின் பம்ப், கூடவே தினம் நாலு தடவை சுகர் டெஸ்ட்.

1993ல் முடிவு வந்தது. கண்டிப்பான குழுவின் எச்பிஏ1சி சுமார் 7, மற்ற குழுவுக்கு 9. கண் பாதிப்பு இல்லாமல் ஆய்வில் சேர்ந்தவர்களில், புதிதாகக் கண் பாதிப்பு வருவது கண்டிப்பான குழுவில் 76 சதவீதம் குறைவு. கிட்னி, நரம்பு பாதிப்பும் நன்றாகக் குறைந்தது. மறைக்கக் கூடாத இன்னொரு விஷயம்: ஆபத்தான லோ சுகர் மூன்று மடங்கு கூடியது.

சரி, இதயம்?

பதில் இல்லை. ஏன்னா எல்லாரும் இளைஞர்கள். மாரடைப்பு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். வித்தியாசம் தெரிந்தது, ஆனால் தற்செயலாகக்கூட இருக்கலாம்.

பல ஆய்வுகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். கட்டுரை வந்தாச்சு, ஃபைலை மூடு, பணத்தை வேறு பக்கம் திருப்பு.

இங்கே அப்படி நடக்கவில்லை. 1994ல் அதே ஆட்களை எடிக் என்ற பெயரில் தொடர்ந்து கவனிக்க அரசு மறுபடியும் பணம் கொடுத்தது. உயிரோடு இருந்தவர்களில் 96 சதவீதம் பேர் "நாங்க வர்றோம்" என்றார்கள்.

ஒரு சிக்கல். நல்ல சிகிச்சை எதுன்னு தெரிந்த பிறகு அதை மற்ற குழுவுக்குச் சொல்லிக் கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்தார்கள். சில வருடங்களில் இரண்டு குழுவுக்கும் எச்பிஏ1சி சுமார் 8 என்று ஒன்றாகிவிட்டது. "இனி இவர்களைப் பார்த்து என்ன ஆகப் போகுது?" என்று யாரும் கேட்கலாம்.

2005ல் பதில் வந்தது. பழைய வழக்கப்படி சிகிச்சை பெற்றவர்களில் 52 பேருக்கு இதய, ரத்தக்குழாய் பாதிப்பு. கண்டிப்பான குழுவில் 31 பேருக்கு மட்டும். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 57 சதவீதம் குறைவு!

வித்தியாசம் இருந்ததோ சராசரியாக ஆறரை வருடம்தான். அந்த ஆறரை வருடத்தை ரத்தக்குழாய் மறக்கவில்லை. இதைத்தான் மெட்டபாலிக் மெமரி என்கிறோம். 1993ல் பணத்தை நிறுத்தியிருந்தால் இது நமக்குத் தெரிந்தே இருக்காது.

"டைப் 2வில்தான் நிறைய ஆய்வு இருக்கே, அதை எடுத்துக்கலாமே?" முடியாது. 2008ல் அக்கார்டு என்ற டைப் 2 ஆய்வில், இதயநோய் அபாயம் அதிகமுள்ள வயதானவர்களுக்கு சுகரை ரொம்பக் குறைத்தபோது மரணம் கூடியது. அந்தப் பகுதியையே நிறுத்தினார்கள். வயது வேறு, நோய் வேறு. டைப் 1க்குத் தனி ஆய்வு வேணும், தனிப் பணம் வேணும்.

அந்தப் பணமும் சும்மா வரவில்லை. 1970ல் டைப் 1 குழந்தைகளின் பெற்றோர் தொடங்கிய அமைப்பு தொடர்ந்து குரல் கொடுத்தது. 1997ல் அமெரிக்க நாடாளுமன்றம் டைப் 1 ஆராய்ச்சிக்கென்றே தனி நிதி ஒதுக்கியது. வருடம் 3 கோடி டாலரில் ஆரம்பித்து 2004ல் 15 கோடி டாலர் ஆனது. ஆனால் அது நிரந்தரம் இல்லை, அவ்வப்போது சட்டம் போட்டு நீட்டிக்கணும். அதனால்தான் குழந்தைகளே வாஷிங்டன் போய் உறுப்பினர்களைப் பார்த்துக் கேட்கிறார்கள்.

அந்த அம்மாகிட்ட நான் சொன்னது இதுதான்: "ஹார்ட் அட்டாக் 50ல வரலாம்மா. ஆனா அதுக்கான கணக்கு இப்பவே ஆரம்பிச்சுடுது. லோ சுகர் வராம, டாக்டர் சொன்ன அளவுல வெச்சுக்கோங்க. இன்சுலினை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாதீங்க."

உங்களுக்குத் தெரிந்த டைப் 1 குழந்தைகளின் பெற்றோருக்கு இதைப் பகிருங்கள்.