சிம்லாவில் தொடங்கிய செய்திப் பணி

அரசின் செயல்களைச் செய்தித்தாள்களுக்கு பின்னாளில் விளக்கிச் சொல்லவிருந்த நிரந்தர அலுவலகம் இந்தியாவில் தோன்றியது, ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின்னர், 1919 ஜூன் மாதத்தில் ஆகும். சிம்லாவில் உள்துறையின் கீழ் இயங்கிய அந்தச் சிறு பிரிவு இந்திய மக்களை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டதன்று. நாட்டின் ஓராண்டு நிலையைத் தொகுத்து லண்டன் நாடாளுமன்றத்தின் முன்வைக்கும் அறிக்கையைத் தயாரிப்பதே அதன் தலையாய வேலையாக இருந்தது. அதன் பொறுப்பை ஏற்ற ரஷ்புரூக் வில்லியம்ஸ் அலகாபாத் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர். பாபரைப் பற்றி நூல் எழுதியவர். மறைந்துபோன பேரரசனின் கதையை எழுதியவரையே நடப்பு ஆட்சியின் கதையை எழுதவும் அமர்த்தியதில், அந்த ஆட்சி தன்னைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் ஓரளவு வெளிப்படுகிறது.

1920-இல் மத்தியத் தகவல் அலுவலகம் என்றும் 1923-இல் பொதுத் தகவல் அலுவலகம் என்றும் பெயர் மாறிய இந்நிறுவனத்துக்கு 1930-களில் இயக்குநராக இருந்தவர் இயான் ஸ்டீபன்ஸ். இவருடைய பிற்கால வாழ்க்கை அரசுத் தகவல் பணியின் வரலாற்றில் தனியே நோக்கத்தக்கது. அரசுப் பணியை விட்டுக் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் சேர்ந்து அதன் ஆசிரியரான ஸ்டீபன்ஸ், வங்கப் பஞ்சத்தின் கொடுமையை ஆட்சியாளர்கள் மூடி மறைத்துக்கொண்டிருந்த 1943 ஆகஸ்டில், போர்க்காலத் தணிக்கை விதிகள் படங்களுக்குத் தடை விதிக்கவில்லை என்பதைக் கண்டு, தெருவோரங்களில் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தோரின் படங்களை வெளியிட்டார். பஞ்சம் உலகின் கண்ணுக்குத் தெரிந்தது. அரசின் வாய்மொழி எவ்வாறு தயாராகிறது, எதை எங்கே விழுங்குகிறது என்பதை உள்ளிருந்தே அறிந்த ஒருவர் ஆசிரியர் நாற்காலியில் இருந்ததை வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

1941-இல் ஜே. நடராஜன் முதன்மைத் தகவல் அதிகாரியாகி, இவ்வலுவலகத்தின் முதல் இந்தியத் தலைவரானார். 1946-இல் அதற்குப் பத்திரிகைத் தகவல் அலுவலகம் என்னும் இன்றைய பெயர் வந்தது. விடுதலைக்குப் பின்னர் ஐந்தாண்டுத் திட்டங்களை ஊர்தோறும் கொண்டு செல்ல, 1953-இல் கள விளம்பரப் பிரிவுகளும், அடுத்த ஆண்டில் பாட்டு, நாடகம் வழியே செய்தி பரப்பும் பிரிவும் அமைக்கப்பட்டன. 1960 மார்ச் 1-ஆம் நாள், பின்னாளில் இந்தியத் தகவல் பணி எனப் பெயர் பெற்ற மத்தியத் தகவல் பணி நிறுவப்பட்டபோது, அதுவரை துறைகளில் சிதறிக் கிடந்த பதவிகள் ஒரே பணித்தொகுதியாகி, பதவி உயர்வுக்கான ஏணி உருவாயிற்று. பயிற்சியளிக்க 1965-இல் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் தில்லியில் தொடங்கியது. பிழைப்புக்கு உறுதி கிடைத்தது உண்மைதான்; ஆனால் ஸ்டீபன்ஸைப் போல ஒருவர் எழுந்து மறுபக்கம் போய் அமரும் வழி குறுகிப்போனது.

அதன் விளைவு 1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும் வெளிப்பட்டது. செய்தி அச்சாகும் முன்பே அரசிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்னும் முன்தணிக்கை வந்தது. நேற்றுவரை செய்திக்குறிப்பை, அதாவது வெளியீட்டுக்கென அரசு எழுதித் தரும் அறிவிப்பை, நிருபர்களிடம் நீட்டிய தகவல் அலுவலர்களே இப்போது அந்நிருபர்களின் செய்தியை வெட்டும் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். 1976-இல் நான்கு செய்தி முகமைகள் 'சமாச்சார்' என்னும் ஒரே அமைப்பாக இணைக்கப்பட்டன. 1977-இல் ஆட்சி மாறியதும், ஊடகங்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டது குறித்துப் புதிய அரசு வெள்ளையறிக்கை வெளியிட்டது. முகமைகளும் மீண்டும் பிரிந்தன.

அலுவலகம் தோன்றி நூறாண்டு நிறைந்த 2019-இல், அரசைப் பற்றிய பொய்ச் செய்திகளைச் சுட்டிக்காட்டும் உண்மை சரிபார்ப்புப் பிரிவு அங்கே தொடங்கப்பட்டது. சமூக ஊடகங்களில் அரசைப் பற்றி வருவனவற்றுள் எது பொய் என்று தீர்மானிக்கும் சட்ட அதிகாரத்துக்கு வழிவகுத்த விதி 2023-இல் இயற்றப்பட்டு, இப்பிரிவுக்கு அந்த அதிகாரம் 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட, மறுநாளே உச்ச நீதிமன்றம் அவ்வறிவிக்கையை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதியே அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என ரத்து செய்தது.