பர்மாவிலிருந்து எண்ணூர் வரை

எண்ணூரில் பர்மா நகர் என்றொரு குடியிருப்பு உண்டு. வியாசர்பாடியிலும் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் திரளாக வாழ்கின்றன. அரசு இவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்று அழைத்தது. ஆனால் இவர்களுள் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். அதற்கு முன் தமிழ்நாட்டைக் கண்ணால் காணாதவர்கள்.

1852ஆம் ஆண்டுப் போரில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐரோப்பாவுக்கு அரிசி ஏற்றுமதி பெருகியது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடும் சதுப்பும் வயலாயின. அறுவடைக்கும் அரிசி ஆலைக்கும் இரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். மேஸ்திரிகள் ஊர் ஊராகச் சென்று முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். அந்தக் கடன் அடையும்வரை கூலியாள் மேஸ்திரியை விட்டு விலக முடியாது.

பர்மிய உழவர்க்குக் கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். 1930களின் விலைவீழ்ச்சியில் கடன்கள் மூழ்கின. கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்தது. நிலம் இழந்தவர்களின் கோபம் செட்டியார், கூலியாள் என்று வேறுபாடு பார்க்கவில்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியர் இரங்கூன்மீது குண்டு வீசினர். கப்பலில் இடம் கிடைக்காத இலட்சக்கணக்கான இந்தியர் அரக்கான், மணிப்பூர் வழியாக நடந்தே வந்தனர். வழியில் பசியாலும் நோயாலும் மாண்டவர் ஆயிரக்கணக்கினர். அத்தனைக்கும் பிறகு, போர் முடிந்ததும் பலர் மீண்டும் பர்மாவுக்கே சென்றனர் என்பது கவனிக்கத்தக்கது. அவர்களது பிழைப்பு அங்கேதான் இருந்தது.

1962 மார்ச் 2ஆம் நாள் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வணிகமும் அரசுடைமையாயின. 1964இல் பெரிய மதிப்புள்ள நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. சேமிப்பை இழந்த குடும்பங்கள் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கின. நகையும் பணமும் கொண்டுவரக் கடும் கட்டுப்பாடு இருந்தது.

வந்தவர்களுள் சிலருக்குத் துறைமுகத்தை ஒட்டிய சாலையோரத்தில் கடைகள் கிடைத்தன. அதுவே இன்றைய பர்மா பஜார். அதன் எதிர்த் தெருக்களில் விற்கும் அத்தோ, வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா ஆகியவை அவர்களோடு வந்த உணவுகள்.

எல்லோரும் இங்கே நிலைக்கவில்லை. சிலர் பர்மாவுக்கே திரும்ப எண்ணி மணிப்பூர் எல்லைவரை சென்றனர். அதைத் தாண்ட முடியாமல் மோரே என்னும் சிற்றூரில் தங்கிவிட்டனர். அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேசுவரி கோயிலும் உள்ளன. பர்மாவின் தமு நகரம் அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவுதான்.